வேலிக்கு நத்தை சாட்சி

பிப்ரவரியில்
டாய்லெட் காகிதத்தின் அட்டைக் குழல்கள் ஒன்பதை
மண் நிரப்பி ஜன்னலோரம் நிறுத்தினேன்.
ஸ்வீட் பீயின் வேர் நேரே கீழே போகும்,
சட்டியின் ஆழம் அதற்குக் காணாது.

விதை மிளகைப் போலக் கறுப்பு.
நகவெட்டியால் தோலை லேசாகக் கிள்ளி
ராத்திரி தேநீர்க் கோப்பையில் ஊறப்போட்டேன்.
விடியற்காலை ஷிஃப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில்
அதே கோப்பையில் வெந்நீர் ஊற்றப்போய்
கையை இழுத்துக்கொண்டேன்.
பெயரில்தான் இனிப்பு.
விதை நஞ்சு.

கிரிம்ஸ்பியில் மீன் ஆலை. ஹேடக் வகிர்கிறேன்,
பத்தொன்பது வருடமாக.
எலுமிச்சைக்கும் காப்பித்தூளுக்கும் மசியாத வாடை
விரலிடுக்கில் குடியிருக்கிறது.
பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை எப்போதும் காலி.
உனக்கெதற்கு வாசனைப் பூ என்று
ஆலையில் டோரீன் கேட்டாள்.
சிரித்து வைத்தேன்.

ஏப்ரலில் நுனி கிள்ளி, வேலியோரம் நட்டேன்.
அந்த வேலி பிராக்கன்பரி போட்டது.
நான் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் போட்டது.
நாலு அங்குலம் என் பக்கம் தள்ளி.
டேப் வைத்து அளந்து,
வக்கீல் கடிதம் இரண்டு போய், இரண்டு வந்து,
மூன்று வருடமாகப் பேச்சில்லை.
வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள்.
இந்தக் குளிரில் ஓணான் ஏது?
நத்தைதான் சாட்சி.
அதுவும் இரவில் மட்டும் வரும்,
வந்து சாட்சியத்தைத் தின்றுவிட்டுப் போகும்.

கொடிக்கு வழக்கு தெரியாது.
பற்றுக்கம்பி நீட்டி வேலியையே
கொழுகொம்பாகப் பிடித்துக்கொண்டது.
தெற்கு அவர் பக்கம்.
வெயில் அவர் பக்கம்.
ஜூன் கடைசியில் பூவும்
பாதிக்கு மேல் அவர் பக்கம்:
செவுள் சிவப்பு, மைநீலம்,
கிழிந்த காகிதம் போல ஓரம் சுருண்ட வெள்ளை.

இதற்கு ஒரு விதி உண்டு.
தினமும் வெட்ட வேண்டும்.
வெட்ட வெட்டப் பூக்கும்.
ஒரு காய் முற்றவிட்டால்
வந்த வேலை முடிந்தது என்று
கொடி கையைக் கழுவிவிடும்.

பலகையில் ஒரு கணு விழுந்த ஓட்டை.
கண்ணை வைத்துப் பார்த்தேன்.
அந்தப் பக்கம் காய், காய், மேலும் காய்.
மனிதர் தொடவேயில்லை.
உன் பொருளைத் தொட மாட்டேன் என்ற
அதே வீம்பு.
என் பக்கம் காம்புக்கு நாலு பூ
மூன்றாகி, இரண்டாகி,
ஒரு காம்பு வெறுமனே நின்றது.

கடிதம் எழுதினேன். கிழித்தேன்.
‘மதிப்பிற்குரிய’ என்பதைத் தாண்டவில்லை.
கடைசியில் கத்தரிக்கோலைக் கயிற்றில் கட்டி
வேலிமேல் தொங்கவிட்டேன்,
கைப்பிடி அவர் பக்கமாக.

இரண்டு நாள் மழையில் ஆடிக்கொண்டிருந்தது.
மூன்றாம் நாள் கயிறு மட்டும்.
நாலு அங்குலத்தோடு கத்தரியும் போச்சு
என்று டோரீனிடம் சொன்னேன்.

நாலாம் நாள், காலை ஐந்து மணி,
பின்கதவைப் பூட்டும்போது கேட்டது:
சிக். சற்று விட்டு, சிக்.
வயதான கை, அவசரமில்லாத கை.
வேலியின் மேல்கட்டையில்
வெட்டிய காய்கள் வரிசையாக, இருபத்தாறு.
பூக்களை அவரே வைத்துக்கொண்டார்.
வைத்துக்கொள்ளட்டும்.

ஜூலை முழுதும் பூத்தது.
என் பங்கை ஈரத் துணியில் சுற்றி
பஸ்ஸில் அந்தக் காலி இருக்கையில் வைப்பேன்.
ஒருநாள் ஒரு பள்ளிப் பையன்
அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.
மூக்கைச் சுளித்தான். இறங்கும்வரை எழவில்லை.

செப்டம்பரில் சிக் ஓசை நின்றது.
ஓட்டையில் பார்த்தேன்.
கொடியில் ஒரே ஒரு காய், முற்றிப் பழுப்பேறி.
வெடித்தால் விதை சிதறாமலிருக்க
காகிதப் பை மாட்டி
நூலால் கட்டியிருந்தார்.
கட்டிய நூல் என் கயிற்றின் பிரி.

இன்னும் பேசவில்லை.
வேலி நின்ற இடத்திலேயே நிற்கிறது.
நேற்று ராத்திரி, காற்றில்லாத நேரம்,
பைக்குள் ‘டப்’ என்றது.
அவர் வீட்டு விளக்கும் எரிந்தது.