அடகு வைக்க முடியாத தங்கம்

தொண்ணூற்றெட்டில், எரிவாயுக் கடனுக்காக
மோதிரத்தை விற்றேன். செகெட் ஊர்ச் சந்தையின் பின்புறம்.
எடை போட்டவன் முகம் பார்க்காமல் பணம் தந்தான்.
இப்போது தங்கம் திரும்பி வருகிறது,
கைநரம்பு வழியாக,
ஒயின் நிறத்தில், ஒரு சின்னக் குப்பியில்.

தங்கமா இது, சிவப்பாக இருக்கிறதே?
இவ்வளவு பொடியானால் மஞ்சளை மறந்துவிடும் என்றான்
ஆகொஷ்டோன், பையில் மூன்று பேனா செருகிய பையன்.
எவ்வளவு பொடி?
முடியின் அகலத்தில் ஆயிரத்தில் ஒன்று.
முடிக்கு எங்கே போவேன்,
போன மருந்திலேயே தலை காலி.

தங்க ஊசி என்றால் குத்திக்கொள்வாயா என்றாள் தங்கை எடித்.
கண்ணில் இல்லையடி, கையில்தான்.

இருபத்தாறு வருடம் ட்ராலிபஸ் ஓட்டியவள் நான்,
என் பாஷையில் சொல் என்றேன்.
யோசித்தான்.
கோடிப் பயணிகள், பிரோஷ்கா நேனி,
எல்லார் கையிலும் ஒரே முகவரி.
நல்ல செல்லின் வாசலில் கதவு திறந்தாலும் இறங்கமாட்டார்கள்.
வழியில் தூங்கி டெப்போவரை போய்விடுகிறவர்கள்?
அவர்கள்தான் அதிகம். கல்லீரலில், மண்ணீரலில்.
பொய் சொல்லத் தெரியாத பையன்.

செவ்வாய்க்கிழமை. அறையை இருட்டாக்கினார்கள்.
கேமரா போன மாதம் இரண்டு என்றிருந்தது.
திரையில் மூன்று எரிந்தன.
மூன்றாவது, கசகசா அளவு,
மடிப்புக்குப் பின்னால்
டிக்கெட் எடுக்காதவன் மாதிரி பதுங்கிக்கொண்டு.
யாரும் பேசவில்லை.
நான்தான் கேட்டேன்: அது எந்த நிறுத்தம்?

அடுத்த வாரம் ஒளி பாய்ச்சுவார்கள்.
ஒட்டிய தங்கம் சுடும், ஒட்டப்பட்டது வேகும்.
ஐம்பது டிகிரியாம்.
ஜூலையில் என் ஓட்டுநர் அறை கிட்டத்தட்ட அவ்வளவுதான்,
நான் வேகவில்லையே என்றேன்.
சிரித்தான். பாதியில் நிறுத்திக்கொண்டான்.
பதினாறாம் எண்காரரின் நாற்காலி இந்த வாரமும் காலி.
நான் பதினேழு.

பனிமூட்ட இரவுகளில் கம்பம் கம்பியைவிட்டு நழுவும்.
வண்டி செத்து நிற்கும், பயணிகள் முணுமுணுப்பார்கள்.
கையுறை மாட்டி இறங்கிப் பின்கயிற்றைப் பிடித்து
அண்ணாந்து, தடவித் தடவி
மேலே எங்கோ இருக்கிற கம்பியைத் தேடுவேன்.
சில இரவு ஒரே தடவை. சில இரவு ஏழு.
தொட்டதும் ஒரு நீலப் பொறி, அவ்வளவுதான்,
உள்ளே விளக்கெல்லாம் எரியும்.

பொறி தெரியுமா எனக்கு என்றேன்.
தெரியாது, மயக்கத்தில் இருப்பீர்கள்.
சரி.
நீயாவது பார்த்து வை, பையா.