இருநூற்றுப் பதினோராம் அடி

என் பெயர் சின்னப்பையன்.
நாற்பத்தேழு வயதில் இந்தப் பெயரோடு
ஜிம்முக்குப் போவது சிரமம்.
ராயக்கோட்டை சாலையில், டயர்க்கடை மாடியில்,
அட்டையில் எழுதும்போதே
கெம்பராஜ் உதட்டைக் கடித்துக்கொண்டான்.

போனதற்குக் காரணம் ஷட்டர்.
அணையின் இடதுபுறக் கால்வாயில் லஸ்கர் நான்.
பதினெட்டு வருடம் ஒற்றைக் கையால் சுற்றிய திருகு
போன ஆடியில்
இரண்டு கைக்கும் அசையவில்லை.
கிரீஸ் இல்லை என்று மேலே எழுதிப் போட்டேன்.
கிரீஸ் இருந்தது.

எட்டு மாதம்.
முட்டை, ஊறவைத்த நிலக்கடலை, களி,
ஞாயிறு தவிர எல்லா நாளும் இரும்பு.
பக்கத்தில் தூக்கிய பையன்களுக்குச்
சட்டைக் கை இறுகிக்கொண்டே வந்தது.
என் புஜத்தைச் சுற்றிய டேப்
முதல் நாள் சொன்ன பதினோரு அங்குலத்தையே
மனப்பாடப் பிள்ளைபோல் ஒப்பித்தது.
"மனசு வெக்கணும்ணா" என்றான் கெம்பராஜ்.
மனசைத் தவிர வேறெதையும்
அங்கே நான் வைக்கவில்லை.

காலின் கதை தனி.
பஸ் ஸ்டாண்டிலிருந்து ரவுண்டானாவுக்கு நடந்தால்
இருநூற்றுப் பதினோராம் அடியில்
கெண்டைச்சதையை யாரோ
ஈரத் துணிபோல் பிழிவார்கள்.
நின்றால் விடுவார்கள்.
நிற்கும் இடத்தில் ஒரு ஜவுளிக்கடை.
கண்ணாடிக்குள் பொம்மைகளை அத்தனை நாள் பார்த்ததில்
பச்சைப் புடவைக்காரிக்கு
ஒரு விரல் இல்லை என்பது
எனக்கு மட்டும் தெரியும்.

டாக்டர் ஷமீனா
கைக்குக் கட்டும் பட்டையைக் கணுக்காலில் கட்டினார்.
கைக்கு நூறு வந்தால்
காலுக்கு அறுபதுதான் வருகிறது என்றார்.
தொடைக்குள் குழாய் சுருங்கியிருக்கிறதாம்,
இருபத்தாறு வருட பீடியும் சர்க்கரையும் சேர்ந்து.
உட்கார்ந்த காலுக்குப் போதுமான ரத்தம்
உழைக்கும் காலுக்குப் போதாது.
"உங்களுக்குத் தெரியாததா, கடைமடை மாதிரி" என்றார்.

இல்லை டாக்டர்.
கடைமடைக்குத் தண்ணீர் போகாவிட்டால்
ராத்திரி பதினோரு மணிக்கு மண்வெட்டியோடு வருவார்கள்,
என் அம்மாவையும் சேர்த்துத் திட்டுவார்கள்.
இந்தக் கால்
எத்தனை வருடம் ஒரு மனுக்கூடக் கொடுக்காமல்
இருந்திருக்கிறது.

இன்னொரு சோதனைக்குக் காலை எட்டு மணிக்கு
வெறும் வயிற்றோடு போனேன்.
தைராய்டு சரி.
அதற்குக் கீழே இருந்த வரிக்கு வந்ததும்
லேப் பையன் குரலைத் தணித்தான்,
சாவுச் செய்தி சொல்வதுபோல.
முந்நூறாவது இருக்கவேண்டியது நூற்றெழுபது.
ஆண் என்பதற்கு ஒரு எண் உண்டென்று
அன்றுதான் கேள்விப்பட்டேன்.
சதை கட்டு என்று உத்தரவு போடுகிற சரக்காம் அது.
உத்தரவே வராத வேலைக்கு
எட்டு மாதம் நான்
ஜல்லி இறக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

காகிதத்தை மாதம்மாளிடம் கொடுத்தேன்.
மாங்கூழ் பேக்டரி ஷிப்ட் முடித்து வந்தவள்,
விரலெல்லாம் மஞ்சள்.
இரண்டு முறை படித்தாள்.
"அப்போ எம்மேல கோவமில்லியா உனக்கு?"
மூன்று வருடமாக
அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தபடி
இதைத்தான் கணக்குப் போட்டிருந்தாளா?
சிரித்தோம் என்று எழுத ஆசை.
அவள் அழுதாள்.
நான் பீடியைத் தேடினேன்,
பிறகு தேடவில்லை.

சீட்டில் மாத்திரைகளுக்குக் கீழே
நடக்கவும் என்று இருக்கிறது.
வலிக்கும்வரை நட, நில், விட்டதும் நட.
பெரிய குழாய் திறக்காவிட்டாலும்
சின்னச் சின்ன வாய்கள் பக்கவாட்டில்
வழி பிடிக்கலாமாம்.
உறுதியில்லை என்றும் சொன்னார்.

கால்வாய்க் கரையில் நடக்கிறேன்.
இங்கே பார்ப்பதற்கு ஜவுளிக்கடை இல்லை.
வலி வந்தது, நின்றேன்,
நிற்கிறவன் மாதிரியே நின்றேன்.
இன்று இருநூற்று முப்பது.
எண்ணிக்கை தவறியிருக்கலாம்.
நடுவில் ஒரு லாரிக்காரன்
காவேரிப்பட்டணத்துக்கு வழி கேட்டான்.