கால் அங்குலம்

மே முடிந்து பருவம் அடைத்தாயிற்று.
கூண்டுகளைக் கரையில் அடுக்கிவிட்டு
ஒட்டுத்துணிப் போர்வை தைக்க உட்கார்ந்தேன்.
முப்பது வருஷமாய் வலை முடிகிற கை.
துணி என்ன பெரிய கடலா?

வெட்டும்போது ஜன்னலில்
நிக்கல் வீட்டார் படகு திரும்பிக்கொண்டிருந்தது.
பார்த்தேன்.
கத்தரி தன் வழியில் போயிற்று.
ஒரு சதுரத்துக்கு ஒரு மூலை குறைவு.
யார் பார்க்கப் போகிறார்கள் என்று
அதையும் சேர்த்தே தைத்தேன்.

ஓரத்தில் கால் அங்குலம் விட வேண்டுமாம்.
ஒன்றில் கூட விட்டேன், ஒன்றில் குறைய விட்டேன்.
பன்னிரண்டு சதுரம் தாண்டிப் பார்த்தால்
மேல்வரிசை கீழ்வரிசையைவிட
இரண்டு அங்குலம் நீண்டு
நாக்கைத் துருத்திக்கொண்டு நிற்கிறது.

படகில் பித்தளை அளவுகோலோடு
ஒவ்வொரு சிங்கி இறாலையும் முதுகில் அளப்பவள் நான்.
மயிரிழை குறைந்தாலும்
விலை ஏறிக் கிடக்கிற வாரமானாலும்
திரும்பக் கடலுக்குத்தான்.
துணியிடம் மட்டும் ஏன் பேரம் பேசினேன்?

மூன்று ராத்திரி பிரித்தேன்.
எல்வுட் காலுறையில் சிவப்பு நூலோடு
காப்பிக் கடைக்குப் போய் வந்தான்.
அதற்குள் லூனன்பர்க் முழுக்கத் தெரிந்துவிட்டது
மார்லிஸ் தைக்கிறாள் என்று.

கொடுக்குக்கு மாட்டும் ரப்பர் வளையம்
வீடெல்லாம் இறைந்து கிடக்கும்.
ஒன்றை வெட்டி
ஊசியிலிருந்து கால் அங்குலம் தள்ளி
மிஷினில் ஒட்டினேன்.
துணி அதில் முட்டி
நேராக நடந்தது.

முடித்தபிறகு துவைத்தேன்.
முதலிலேயே துவைத்திருக்க வேண்டியது.
பிரிட்ஜ்வாட்டரில் வாங்கிய சிவப்பு
பக்கத்து வெள்ளையிலெல்லாம் இறங்கி
அவித்த இறாலின் உட்சதை நிறம்.
எல்வுட் வாளிக்குள் எட்டிப் பார்த்து
வெண்ணெய் உருக்கட்டுமா என்றான்.
அன்று அவனோடு பேசவில்லை.

அடித்துணியும் ஒரு சாண் போதவில்லை.
அவன் கட்டம்போட்ட சட்டையைக் கிழித்துச் சேர்த்தேன்.
கேட்கவில்லை.

நவம்பர் கடைசித் திங்கள்
கூண்டுகளோடு போர்வையும் படகேறியது.
இரண்டே நாளில் டீசல் வாசம் பிடித்துக்கொண்டது.
இருட்டில் படுக்கையில் ஏறும்போது
கட்டைவிரல் அந்த மூலைகெட்ட சதுரத்தைத் தொடும்.
கால்மாடு இதுதான், சரி.

இப்போது இரண்டாவது.
சிவப்பை மூன்று முறை அலசினேன்,
தண்ணீர் தெளியும்வரை.
ஓரம் இம்மி பிசகவில்லை.
நான்கு வரிசை தைத்து
சுவரில் தொங்கவிட்டுத் தள்ளி நின்று பார்க்கிறேன்.

மூன்றாவது வரிசையில்
பூவெல்லாம் தலைகீழ்.