ஓ ஈ

ராத்திரி டூட்டி முடிந்து வந்து
காக்கியை உருவி மிஷினுக்குள் எறிந்தேன்.
வடிவின் வெள்ளைக் கோட்டு ஏற்கெனவே கிடந்தது.
ஒரு தூக்கம் போட்டு எழுந்தால்
சத்தமில்லை.
வட்டக் கண்ணாடிக்குப் பின்னால்
பாதியளவு சோப்புத் தண்ணீர்.
அதில் என் கால்சட்டையும் அவள் கோட்டும்
கைகால் பின்னி மிதக்கின்றன.
மேலே சிவப்பில் இரண்டு எழுத்து
விட்டுவிட்டு எரிகிறது:
ஓ ஈ.

இங்கிலீஷ்தான். ஆனால்
தூக்கக் கண்ணுக்குத் தமிழாகப் பட்டது.
ஓ, யாரையோ கூப்பிடுகிறது.
ஈ, கொடு என்கிறது.
எதை?

வெளியே ஆரியங்காவுக் கணவாய் வழியாக
மழை, பெர்மிட் இல்லாமல்,
லாரி லாரியாக இறங்கிக்கொண்டிருந்தது.

தென்காசி சர்வீஸ்காரர் சொன்னார்:
மழை விடட்டும் சார், திங்கட்கிழமை பார்ப்போம்.
புனலூர்க்காரர் கேட்டார்:
புளியரையோ? அது தமிழ்நாடல்லே சாரே?
எந்த ஊர் வண்டி என்று
ஒரு நாளைக்கு நானூறு பேரிடம் கேட்கிறவன் நான்.
எனக்கே பதில் வரவில்லை.

வடிவு பாசஞ்சரில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.
"ஓ ஈயா? தண்ணி வெளிய போவலன்னு அர்த்தம்.
புக்கு அரிசி டப்பாக்குப் பின்னால இருக்கு.
கீழ இடது பக்கம் ஒரு சின்னக் கதவு, அதத் தொறந்து..."
குகை.

புத்தகத்தில் தமிழ் இல்லை.
புனலூரில் ஓணத் தள்ளுபடிக்கு வாங்கியது.
சரக்குச் சீட்டு படித்துப் பழகிய மலையாளத்தை
எழுத்துக் கூட்டினேன்,
மீதியைப் படத்தில் பார்த்துக்கொண்டேன்.

பிளக்கைப் பிடுங்கு. சரி.
சின்னக் கதவு. நகத்தால் நெம்பினேன்.
கறுப்புக் குழாய், சுண்டுவிரல் தடிமன்.
மூடியை எடுத்ததும் தாம்பாளம் நிறைந்தது.
கொட்டினேன். நிறைந்தது.
பதினோரு தாம்பாளம்;
எண்ணுவது தொழில், விடாது.

அடுத்து பில்டர். இடப்பக்கமாகத் திருகச் சொல்லி
அம்புக்குறி அழகாகத்தான் போட்டிருக்கிறான்.
அசைந்தால்தானே.
துண்டைச் சுற்றி, பல்லைக் கடித்து,
வந்தது,
மீன்கடைச் சாக்கடை நாற்றத்தோடு.

ஒரு ஊக்கு.
இரண்டு ரூபாய் நாணயம்.
அவள் கோட்டுப் பித்தான்.
நீளமாக முடி.
உள்ளே, விசிறியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு
காகிதக் களி.

பிய்யாமல் பிரித்து ஓடுமேல் விரித்தேன்.
ரோஸ் ஓரம். மலையாளத்தில் அரை வார்த்தை.
ஏழு, ஒன்று, ஒன்று.
அப்புறம் வெறும் கூழ்.

செவ்வாய் ராத்திரி
பலாக்காய் லோடில், டிரைவர் சீட்டுக்கு அடியில்
லாட்டரிக் கட்டு ஒன்று பிடித்தேன்.
நம் பக்கம் விற்கக்கூடாத சீட்டு.
எழுபத்திரண்டு என்று மகஜரில் எழுதினேன்.
கையெழுத்து என்னுடையது. எண்ணியதும் நான்தான்.
கட்டில் எழுபத்துமூன்று இருந்தது.

குலுக்கல் நேற்று மூன்று மணிக்கு முடிந்துவிட்டது.
ஏழு ஒன்று ஒன்றில் தொடங்கும் ஆறிலக்க எண்
ஆயிரம் உண்டு.
கூழைத் தடவித் தடவிப் பார்த்தேன்,
நான்காவது ஒரு எட்டோ, பூஜ்யமோ.

விசிறியை விரலால் சுற்றினேன். தடையில்லை.
பில்டரைத் திருகி, பிளக்கைச் சொருகி
அலசலும் பிழிதலும் மட்டும் போட்டேன்.
இரண்டு எழுத்தும் போயிற்று.
கொல்லைக் குழாயில்
கடகடவென்று தண்ணீர் விழுகிற சத்தம்.

போன் அடித்தது. இடமண் தாண்டிவிட்டாளாம்.
"என்ன கெடந்துச்சு உள்ள?"
ஊக்கு என்றேன். ரெண்டு ரூபா. உன் பித்தான்.
"இதுக்கா அடைச்சுது?"
ஒரு பேப்பரும்.
"என்ன பேப்பரு?"

குகைக்காகக் காத்திருந்தேன்.
இடமண்ணுக்கு அப்புறம்
புனலூர் வரைக்கும் குகை கிடையாது.