சட்டையை இழுத்துவிடுதல்

கோல கெட்டில் பாலாய் ராயாவில்
வியாழன் இரவு எட்டரைக்கு ஜும்பா.
ஆளுக்கு நாலு வெள்ளி.
பூப்பந்து வலையைச் சுருட்டி ஓரத்தில் போட்டுவிட்டு
சியூ லிங் மேடையேறுவாள்.

நிலைக்கண்ணாடி கிடையாது.
சன்னலுக்கு வெளியே செம்பனை, அதற்குள் இருட்டு.
இருட்டு முதுகு கொடுத்தால்
எந்தச் சன்னலும் ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

நான் கடைசி வரிசை, தூணுக்குப் பக்கம்.
தூண் என்னைவிட ஒல்லி.

எனக்கு முன்னால் தேவகுஞ்சரி.
பள்ளிக்கூட கிளார்க், இரண்டு சிசேரியன்.
அப்படியும் அவள் இடுப்பு
சொன்ன பக்கம் போகிறது.
என்னுடையது
கடிதம் கிடைத்த பிறகுதான் கிளம்புகிறது.
பக்கத்தில் ரொகாயா, ஆறு மாதத்தில் பதினோரு கிலோ.
கேட்காமலே சொல்வாள்.
கேட்காமலே நானும் கூட்டிக் கழிப்பேன்.

கையுறைத் தொழிற்சாலையில்
எனக்குப் பார்ப்பதுதான் வேலை.
காற்று ஊதிய ரப்பர்க் கையை
விளக்குக்கு எதிரே பிடித்து
ஊசித்துளை, கறை, கிழிசல்.
பதினேழு வருஷம்.
அளவு ஒரு குறையல்ல,
பெரிசு என்றால் வேறு பெட்டி, அவ்வளவுதான்.
அதை அறிவிப்புப் பலகையில் மூன்று மொழியில் எழுதியிருக்கிறது.
எட்டரை மணிக்கு
எனக்கு எந்த மொழியும் தெரிவதில்லை.

பின்னால் நின்று பொறுக்குகிறேன்.
இவள் புஜம் தேறும்.
அவள் கழுத்து தேறும்.
சன்னலில் அந்த மஞ்சள் சட்டை,
தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்குக் கொடுத்தது,
'உபயம்' என்ற எழுத்து
வயிற்றின்மேல் ஏறி இறங்குகிறதே,
அது தேறாது.

போன வாரம் சியூ லிங்
பின்சுவர்க் கம்பத்தில் போனைக் கட்டி
வீடியோ எடுத்துக் குழுவில் போட்டாள்.
என் பின்பக்கத்தை
அதுவரை நான் சந்தித்ததில்லை.
கட்டிலில், புருஷன் குறட்டைக்குப் பக்கத்தில்,
சத்தத்தை அணைத்து ஒன்பது முறை பார்த்தேன்.
ஒன்பது முறையும் என்னையே.

பத்தாவதில் விரல் தவறி
படம் வேறெங்கோ போய் நின்றது.
கைகள் மேலே போகின்றன:
முப்பது பேர், முப்பது விதம்,
ஒருத்திகூட தாளத்தில் இல்லை.
கைகள் கீழே வருகின்றன.
தேவகுஞ்சரி பின்னால் கைவிட்டுச்
சட்டையை இழுத்துவிடுகிறாள்.
ரொகாயா இழுக்கிறாள்.
முன்வரிசை முழுக்க இழுக்கிறது.
மேடையில் சியூ லிங்,
அந்த மூங்கில் உடம்பு,
அதுவும் இழுக்கிறது.

அந்த ஒரு மணி நேரத்தில்
பிசகாமல் எல்லாரும் சேர்ந்து செய்த
ஒரே அசைவு.
யாரும் சொல்லித்தரவில்லை.

சிரிப்பு வந்துவிட்டது.
புருஷன் புரண்டு, என்னது என்றார்.
ஒன்றுமில்லை, சட்டை என்றேன்.

இந்த வியாழனும் தூணுக்குப் பக்கம்தான் நின்றேன்.
தேவகுஞ்சரியின் இடுப்பைப் பார்த்தேன்,
வயிறு எரியவில்லை என்று சொல்லமாட்டேன்.
கைகள் மேலே.
கைகள் கீழே.
எல்லாரும் இழுத்தார்கள்.
நானும் இழுத்தேன்,
ஒரு தாளம் பிந்தி.