முடிவிலா மடக்கு

பதினொரு கணினியில் நான்குதான் எழும்பும்.
நாற்காலிக்கு மூன்று பேர்.
கண்மாய்த் தண்ணீருக்கு வைப்பதுபோல்
மவுஸுக்கும் முறை வைத்திருக்கிறார்கள்.

உசிலம்பட்டிக்கு மேற்கே, பதினொன்றாம் வகுப்பு.
பகுதிநேர வாத்தியார் நான்,
மடக்கு நடத்துகிறேன்:
நிபந்தனை பொய்யாகும்வரை சுற்றும்.
பொய்யே ஆகாவிட்டால்
நிற்காது.

ஒச்சம்மாள் ஏதோ ஒரு வரியை விட்டுவிட்டாள்.
திரை முழுக்க
ஒச்சம்மாள்
ஒச்சம்மாள்
ஒச்சம்மாள்
கீழிருந்து கிளம்பிக் கிளம்பி
மேலே ஓடுகிறது.

வருகைப் பதிவுச் செயலியில்
இவள் இன்னும் 'எச்சம்மாள்'.
மூன்று மனு போட்டாயிற்று.
தினம் காலையில் யாராவது ஒருத்தன் சிரிப்பான்.

"தப்பு இது" என்று
கன்ட்ரோலில் விரல் வைத்தேன்.
"இருக்கட்டும் சார்."
பக்கத்தில் இருந்த இருவரும்
முறை கேட்கவில்லை.

பன்னிரண்டுக்கு வழக்கம்போல் கரண்ட் போனது.
யூபிஎஸ் நாலு தரம் கத்தி அடங்கியது.
கறுத்த திரையில் மூன்று முகம்.

"எத்தனை தடவை சார் வந்திருக்கும்?"
எண்ண ஒரு மாறி வைத்திருந்தால்
தெரிந்திருக்கும் என்றேன்.
அதற்குள் நோட்டின் பின்னட்டையில்
எழுதிக்கொண்டிருந்தாள்:
எண்ணிக்கை = 0

எங்கே நிறுத்துவாய் என்று
நான் கேட்கவில்லை.