சாரம்

கோபுரத்துக்குச் சாரம் கட்டியிருந்தது என்றேன்.
தயாளரூபன் மண்வெட்டியை விட்டுவிட்டுச் சிரித்தான்:
"கட்டம் போட்டதோ, கோடு போட்டதோ?"

கூழாமுறிப்பு அந்தோனியார் கோயில்,
தெற்குச் சுவருக்கு இரண்டாம் பூச்சு.
பத்து மணித் தேத்தண்ணி.
நான் ஜேர்மனியால் வந்து ஒன்பதாம் நாள்.

தங்கச்சி எடுத்துத் தந்த விசா முப்பது நாள்.
அதில் இருபத்தெட்டு நாள்
அவளுடைய குளியலறைக்கு மாபிள் பதித்தேன்.
கொலோனில் ரயில் மாற இருந்த
ஒரு மணி நாற்பது நிமிஷந்தான்
நான் பார்த்த ஐரோப்பா.

ஸ்டேசன் கதவால் வெளியே வந்தால்
முன்னுக்கு வானம் இல்லை.
கல்.
எரிந்தும் விழாத பனைகள்
தோளோடு தோள் ஒட்டி நின்றமாதிரிக்
கறுத்த கல்.

எவ்வளவு உயரம் என்று கேட்டார்கள்.
கிளிநொச்சியில் விழுந்து கிடந்ததே தண்ணித்தாங்கி,
அதை நிமிர்த்தி
ஒன்றின்மேல் ஒன்றாய் நாலு வைத்தாலும்
காணாது என்றேன்.
ஒருவரும் பேசவில்லை.
அளவு விளங்கிவிட்டது.

வாசலில் செருப்பைக் கழற்றப் போனேன்,
தங்கச்சி கையைப் பிடித்துக்கொண்டாள்.
உள்ளே நான் செய்ததெல்லாம் மேசன் வேலை.
தூணைத் தட்டிப்பார்த்தேன்.
மூட்டுக்குள் நகத்தை விட்டேன்.
ஒரு கண்ணை மூடிப் பெருவிரலால் தூக்குப் பிடித்தேன்,
ஒரு நூல்கூட விலகவில்லை.
கட்டி முடிக்க அறுநூறு வருஷமாம்.
அதுக்குள் எத்தனை கொந்திறாத்துக்காரன்
காசோடு ஓடியிருப்பான் என்று
அண்ணாந்தபடியே யோசித்தேன்.
கழுத்து நொந்தது.
கண் கலங்கினது அதனால்தான்.

யன்னலெல்லாம் நிறம் நிறமாய்க் கண்ணாடி.
சண்டை கிட்ட வருமுன்னமே கழற்றி ஒளித்துவைத்து
முடிந்தபின் பூட்டினார்களாம்.
நாங்களும் கழற்றினோம்.
விசுவமடுவில் ஓடுகளை இறக்கினோம்.
தேவிபுரத்தில் யன்னல்.
கதவை மட்டும் இரணைப்பாலை வரைக்கும் கொண்டுபோய்ப்
பங்கருக்கு மூடி ஆக்கினோம்.

வெளிக்கிடும்போது கடையில் ஒரு அட்டை வாங்கினேன்,
கறுப்பு வெள்ளைப் படம்.
நடுவில் கோயில்.
பாலம் ஆற்றுக்குள் முழங்கால் மடிந்து கிடக்குது.
சுற்றிவர வீடுகள்,
ஒன்றுக்கும் கூரை இல்லை.

அட்டை கைமாறிக் கைமாறிப் போனது.
"ஆனந்தபுரமோ?" என்றான் தயாளரூபன்.
"ஆனந்தபுரத்தில ஆறு எங்கையடா" என்றார் சவரியான் அண்ணை.
இவ்வளவு உயரம் சொல்லி முடித்த கோயிலை
ஒருவரும் பார்க்கவில்லை.
விரலெல்லாம் ஓரத்தில்,
வீடுகளில்.

மண் சுமக்கிற மரியநேசம்
படத்தை வெயிலுக்குத் திருப்பினாள்.
"இதில இருந்த சனம் திரும்பி வந்ததுகளோ?"

அதை நான் கேட்கவில்லை.
படி எத்தனை, மணி எத்தனை அந்தர்,
எல்லாம் கேட்டேன்.

அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி
ஒரு வில்லையைப் படத்தின்மேல் பிடித்தாள்.
நெடுநேரம்.
குழைத்த சீமெந்து இறுகத் தொடங்கியது.
நான் ஏசவில்லை.

"இஞ்ச பாருங்கோ.
இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும்
கொடி கட்டியிருக்கு.
வெள்ளையாய் ஒண்டு காயுது.
பிள்ளைத் துணி."

அச்சில் விழுந்த புள்ளியாய் இருக்கலாம்.
என் சட்டைப்பைக்குள் திறப்புக் கோர்வை
கீறின கீறலாய் இருக்கலாம்.

"வந்திட்டுதுகள்" என்றாள்.
அட்டையை என்னிடம் தந்துவிட்டுத்
தாச்சியைத் தலைக்கு ஏற்றினாள்.

இறுகின சீமெந்துக்குக்
கொஞ்சம் தண்ணி விட்டேன்,
விடக்கூடாதுதான்.